ஒரு மைல் நடந்தால் இதயத்தின் திறன் தெரிந்துவிடுமா?

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகர்):
வயது 45. தினமும் நடக்கிறேன். என் கைக்கடிகாரம் ‘விஓ2 மேக்ஸ் 41’ என்று காட்டுகிறது; உடல் உச்சத்தில் உழைக்கும்போது எடுக்கும் ஆக்சிஜனின் அளவாம். நண்பர் ஒருவரோ, கடிகாரத்தை நம்பாதே, ஒரு மைல் வேகமாக நடந்து நாடியைப் பார், சூத்திரத்தில் போட்டால் எண் வந்துவிடும் என்கிறார். ஓடாமல், நுரை தள்ளாமல், வெறும் நடையில் எப்படித் தெரியும்? இது கைரேகை பார்ப்பதுபோல் இல்லையா?

7.1.2024, காலை 9.40
கைரேகை இல்லை. இன்று காலை நானே செய்து பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். சட்டை இன்னும் காயவில்லை.

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை. செல்போனில் 1.6 கிலோமீட்டர் வரும்வரை, ஓடாமல், எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக. எனக்கு 16 நிமிடம் 20 வினாடி ஆனது. நின்றவுடன் மணிக்கட்டில் விரல் வைத்துப் பத்து வினாடி எண்ணினேன். 23. ஆறால் பெருக்கினால் 138. வயது 52, எடை 74.

சூத்திரம் இது:
132.853 − (0.0769 × எடை) − (0.3877 × வயது) + (ஆண் என்றால் 6.315, பெண் என்றால் 0) − (3.2649 × நேரம்) − (0.1565 × நாடித்துடிப்பு)

எனக்கு வந்தது 38.8. என் வயதுக்கு மோசமில்லை. மோசமில்லை என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. வீட்டில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.

7.1.2024, இரவு 10.15
வீட்டில் மூன்று பேரிடமும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடையைப் பவுண்டில் போட வேண்டும். அமெரிக்கச் சூத்திரம். நான் கிலோவில் போட்டுவிட்டேன். 74 கிலோ என்றால் ஏறக்குறைய 163 பவுண்டு. திரும்பக் கணக்குப் போட்டால் 32.0. காலையில் இருந்த 38.8இல் ஏறக்குறைய 7 காற்றில் வந்தது.

கிலோவிலேயே போட விரும்புகிறவர்கள் 0.0769க்குப் பதிலாக 0.1695 போட்டுக்கொள்ளுங்கள். அதாவது ஒரு கிலோ குறைந்தால் 0.17 ஏறும். பட்டினி கிடந்து இந்த எண்ணை உயர்த்த நினைப்பவர்கள் கவனிக்கவும்: ஆறு கிலோ இளைத்தால்தான் ஒரு எண்.

8.1.2024
இன்னொன்று. 16 நிமிடம் 20 வினாடி என்பது 16.20 இல்லை. இருபதை அறுபதால் வகுத்து 16.33. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள்.

31.5.

10.1.2024
நாடி எண்ணுவது பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்காமல் இருந்திருக்கலாம்; இரண்டு நாளாக என் விரல் மணிக்கட்டிலேயே இருக்கிறது.

கடிகாரம் தொடங்கும் நொடியில் விழும் துடிப்பை ‘ஒன்று’ என்று எண்ணக் கூடாது. அது பூஜ்யம். அடுத்ததுதான் ஒன்று. நான் ‘ஒன்று’ என்றே தொடங்கினேன் என்று உறுதியாக நினைவிருக்கிறது. அப்படியென்றால் 23 இல்லை, 22. நாடி 132. எண் 32.5 ஆகிவிடும். பத்து வினாடிக்குள் ஒரே ஒரு துடிப்பு தவறினால் ஏறக்குறைய ஒரு எண் ஏறி இறங்குகிறது.

சரி, 32.5 என்று எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தபோது வேறொன்று உறைத்தது. நின்றபிறகு நாடியைத் தேடித் துழாவியதில் பத்து வினாடியாவது போயிருக்கும். நடையை நிறுத்தியவுடன் இதயம் சும்மா இருப்பதில்லை, மடமடவென்று இறங்கத் தொடங்கிவிடும். ஆக நான் பார்த்தது கடைசி அடியின் நாடி இல்லை, அதற்குப் பிந்தைய நாடி. உண்மையான நாடி 138ஐவிட அதிகமாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு பிழை மேலே இழுக்கிறது, இன்னொன்று கீழே இழுக்கிறது. 31.5 என்றே விட்டுவிடுகிறேன். யாரும் இதைக் கல்வெட்டில் பொறிக்கப் போவதில்லை.

கழுத்தில் பார்க்கலாமா என்றால் பார்க்கலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. இரண்டு பக்கமும் அழுத்தினால் தலை சுற்றும்.

14.1.2024, போகி
வீட்டுக்காரி இன்று நடந்தாள். பழைய பாயை எரிக்க விடாமல் தடுத்துவிட்டு நேரே ரேஸ்கோர்ஸ். வயது 48, எடை 62 கிலோ, 17 நிமிடம் 10 வினாடி, நாடி 144. எண் 25.1.

வீட்டுக்கு வந்து சூத்திரத்தைப் பார்த்தாள். “அது என்ன ஆணுக்கு மட்டும் 6.315?” என்றாள். பெண்களுக்குச் சராசரியாக ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு, இதயத்தின் அளவு சிறிது, தசையின் பங்கும் குறைவு, அதனால்தான் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே 25.15உடன் 6.315ஐக் கூட்டினாள்.

31.46.

“நீங்கள் எவ்வளவு?” என்றாள். 31.54 என்றேன். “தசமத்தில் ஜெயித்திருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டுக் கரும்பு வாங்கப் போய்விட்டாள்.

21.1.2024
கேள்வி கேட்ட சேலத்து நண்பருக்கு இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. என் பிழைகளைத் திருத்துவதிலேயே இரண்டு வாரம் ஓடிவிட்டது.

விஓ2 மேக்ஸ் என்பது, உடல் தன்னால் முடிந்த உச்சத்தில் உழைக்கும்போது, ஒரு நிமிடத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்கிறது என்ற கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 3.5 என்று வைத்துக்கொள்வது வழக்கம். எனக்கு 31.5 என்றால், உட்கார்ந்திருப்பதைப்போல் ஒன்பது மடங்கு வரை என் உடம்பால் எரிக்க முடியும். 74 கிலோவுக்கும் சேர்த்தால் நிமிடத்துக்கு 2.3 லிட்டர்.

இதை நேராக அளப்பது சள்ளை பிடித்த வேலை. 1920களில் ஆர்ச்சிபால்ட் ஹில் என்ற ஆங்கிலேயர், ஆட்களின் முதுகில் ஒரு பையைக் கட்டிப் புல்தரையில் ஓடவைத்து, வெளிவிடும் மூச்சு முழுவதையும் அந்தப் பையில் பிடித்து ஆராய்ந்தார். அவரும் ஓடினார். இன்றைக்கு ஆய்வகத்தில் ஓடுபொறியில் ஏற்றி, முகத்தில் கவசம் மாட்டி, இனி முடியாது என்று நாம் கையை ஆட்டும்வரை வேகத்தையும் சரிவையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். எல்லோருக்கும் இது ஆகாது. செலவு ஒருபுறம், 65 வயதுக்காரரை அப்படித் துரத்துவதில் இருக்கும் ஆபத்து மறுபுறம்.

எனவே குறுக்குவழிகள் வந்தன. 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று பார்த்தார். மீட்டரில் தூரத்தை எடுத்து, 504.9ஐக் கழித்து, 44.73ஆல் வகுத்தால் எண். 2,000 மீட்டர் ஓடினால் 33.4. பட்டாளத்து இளைஞர்களுக்குச் சரி. நம்மைப் போன்றவர்கள் ஓடினால் ஆறாவது நிமிடத்தில் முட்டியில் கை வைத்துக் குனிந்து நிற்போம், அதற்குச் சூத்திரம் இல்லை.

நடைச் சோதனை 1987இல் வந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 30 முதல் 69 வயது வரையிலான 343 பேரை ஒரு மைல் வேகமாக நடக்கவைத்தார்கள். அதே ஆட்களை ஆய்வகத்தில் கவசம் மாட்டியும் அளந்தார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிறந்ததுதான் மேலே இருக்கும் சூத்திரம். ராக்போர்ட் என்ற காலணி நிறுவனத்தின் பெயரில் அது ஊர் சுற்றியது.

இதில் கைரேகை எங்கே இல்லை என்றால், நாடியில். இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். இருவருக்கும் கிலோவுக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருடைய இதயம் ஒரு துடிப்பில் நிறைய ரத்தம் தள்ளுகிறது, 110இல் வேலையை முடித்துவிடுகிறது. இன்னொருவருடையது சிறுகச் சிறுகத் தள்ளி 150 வரை போகிறது. முன்னவருக்கு இன்னும் மேலே ஏற இடம் மிச்சமிருக்கிறது. பின்னவர் ஏறக்குறைய கூரையைத் தொட்டுவிட்டார். கூரைவரை ஏறிப் பார்க்காமலே, எத்தனை படி மிச்சம் என்று எண்ணிச் சொல்கிற வித்தை. உங்கள் கைக்கடிகாரமும் வேகத்தையும் நாடியையும் வைத்து இதையேதான் செய்கிறது, தன் சூத்திரத்தைக் காட்டாமல்.

22.1.2024
“மெல்ல ஓட்டமும் நடையுமாகப் போகலாமா?” கூடாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும்.

“அப்படியென்றால் நிதானமாக நடந்தால் நாடி குறையும், எண் ஏறும் அல்லவா?” ஏறாது. ஒரு நிமிடம் தாமதித்தால் 3.26 போகும். அதை நாடியில் திரும்பப் பிடிக்க 21 துடிப்பு குறைய வேண்டும். இந்தத் தில்லுமுல்லை நானும் போட்டுப் பார்த்துவிட்டேன் என்பதை இதிலிருந்து நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

4.2.2024
மச்சான் வந்திருந்தார். வீட்டுக்காரியின் அண்ணன். வயது 58, 80 கிலோ. ஒரு மாடி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கே மாட்டியிருக்கும் படத்தை ரசிப்பதுபோல் பாவனை செய்கிறவர். அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

சரியாக 17 நிமிடம். நாடி 92. எண் 33.2.

“மாப்பிள்ளை, உங்களுக்கு எவ்வளவு?” என்றார்.

இரண்டு இட்லி இறங்கவில்லை எனக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பவுண்டு சரி, வினாடி சரி, பூஜ்யத்தில் தொடங்கி எண்ணியதும் நானே. சாப்பிட்டு முடித்து அவர் பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். ரத்த அழுத்தத்துக்கு, எட்டு வருடமாக. அட்டையை வாங்கிப் பார்த்தேன். பீட்டா பிளாக்கர்.

அந்த வகை மாத்திரையின் வேலையே இதயத்தின் துடிப்பை அடக்கி வைப்பதுதான். எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது. சூத்திரத்துக்கு மாத்திரை தெரியாது. 92 என்றவுடன் ‘ஆகா, இந்த இதயத்தில் எத்தனை மிச்சம்!’ என்று அள்ளிக் கொடுத்துவிட்டது. அவரிடம் விளக்கினேன். “எப்படி வந்தால் என்ன, வந்தது வந்ததுதானே” என்றார். ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லியும் விட்டார்.

இங்கே மட்டும் விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். சோதனைக்காக இந்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அவ்வளவுதான். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்திருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேகநடையே வேண்டாம்.

11.2.2024
அக்கா மகன், கல்லூரியில் படிக்கிறான். 21 வயது, 65 கிலோ. 15 நிமிடம், நாடி 140. எண் 49. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டே செல்போன் பார்க்கிறவனுக்கு 49!

சூத்திரத்தில் வயதைப் பாருங்கள்: வருடத்துக்கு 0.39. என்னைவிட 31 வயது இளையவன் என்பதற்காகவே 12 எண் இனாம். 1987இல் நடந்தவர்களில் 30 வயதுக்குக் கீழே ஆளே இல்லை. கல்லூரி மாணவர்களிடம் பின்னர் சோதித்தபோது இது கூட்டித்தான் காட்டியது. அவனிடம் இதைச் சொன்னேன். “மாமா, பொறாமை” என்றான். ஒரு நல்ல காரியம்: அவனுடைய நண்பன் வைத்திருக்கும் மார்புப் பட்டையைக் கேட்டு வாங்கித் தந்தான். நடக்கும்போதே நாடி செல்போனில் விழும். இனி மணிக்கட்டைத் துழாவ வேண்டாம்.

18.2.2024
சோர்வு.

நடைபாதை வேண்டாம், அளந்த தூரமாக இருக்கட்டும் என்று ஒரு மைதானத்தின் 400 மீட்டர் ஓடுதளத்துக்குப் போனேன். ஒரு மைல் 1,609 மீட்டர். நான்கு சுற்று, அதன்மேல் ஒன்பது மீட்டர். காலடியில் அளந்து சுண்ணாம்புக்கட்டியால் கோடுகூடப் போட்டுவைத்தேன். மார்புப் பட்டை கட்டியிருந்தேன். உயிரைக் கொடுத்து நடந்தேன்.

16 நிமிடம் 40 வினாடி. நாடி அதே 138. எடை அதே 74. எண் 30.5.

ஆறு வாரம் விடாமல் நடந்ததற்குக் கிடைத்த கூலி, ஒரு எண் இறக்கம். சேலத்து நண்பரே, நீங்கள் சொன்னதுதான் சரி. கைரேகை.

19.2.2024
நேற்று எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

இன்று காலை அதே மைதானத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், இடுப்பில் கை வைத்து நின்று கேட்டார்: “தம்பி, நேற்று எந்தக் கோட்டில் நடந்தீர்கள்?”

நான்காவது கோடு என்றேன். உள்கோட்டில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், மரியாதையாக ஒதுங்கி நடந்தேன்.

“நானூறு மீட்டர் என்பது உள்கோட்டுக்கு மட்டும்தானே. பிறகு எதற்கு ஓட்டப்பந்தயத்தில் வெளிக்கோட்டுப் பிள்ளையை முன்னால் தள்ளி நிறுத்துகிறோம்?”

ஐம்பது வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று யோசித்ததில்லை. ஒரு கோட்டின் அகலம் 1.22 மீட்டர். வெளியே போகப் போக வளைவு பெரிதாகி, கோட்டுக்கு ஏழரை மீட்டர் அளவில் கூடிக்கொண்டே போகும். நான்காவது கோட்டில் ஒரு சுற்று 422 மீட்டருக்கும் சற்று மேல். நான்கு சுற்றும் அந்த ஒன்பது மீட்டரும் சேர்த்து நான் நடந்தது ஏறக்குறைய 1,699. என் மரியாதையின் நீளம் 90 மீட்டர்.

அதே வேகத்தில் 1,609 மீட்டரை 15 நிமிடம் 47 வினாடியில் கடந்திருப்பேன். எண் 33.3.

அப்படியானால் ஜனவரி 7இல் இருந்த 31.5உடன் ஒப்பிட்டால் 1.8 ஏற்றம் என்று கொண்டாடலாமா? அதுவும் கூடாது. அன்றைய 1.6 கிலோமீட்டர் செல்போன் சொன்னது. ரேஸ்கோர்ஸ் மரங்களின் அடியில் செயற்கைக்கோள் கணக்கு கொஞ்சம் அங்கும் இங்கும் அலையும். நடந்தது ஐம்பது மீட்டர் கூடவா குறையவா யாருக்குத் தெரியும். 33.3ஐத்தான் முதல் எண்ணாக வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் என் கவனத்துக்கு நடந்த சோதனை. அதில் மதிப்பெண் குறைவு.

3.3.2024
நடைச் சோதனை என்றவுடன் பலர் ஆஸ்பத்திரியில் செய்யும் ஆறு நிமிட நடையைச் சொல்கிறீர்கள். அது வேறு, இது வேறு. இதில் தூரம் நிலை, நேரம் மாறும். அதில் நேரம் நிலை, தூரம் மாறும். நுரையீரல், இதய நோயாளிகளுக்கானது. முதலில் 1970களில் பன்னிரண்டு நிமிடமாக இருந்தது. நோயாளிகளுக்கு அது அதிகம் என்று 1982இல் ஆறாகக் குறைத்துப் பார்த்தார்கள், ஆறே நிலைத்துவிட்டது. அங்கே யாரும் விரட்டமாட்டார்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கலாம், சுவரில் சாயலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் செய்தார்கள். முப்பது மீட்டர் தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். சோதனை செய்த பெண் பக்கத்தில் நடக்கவில்லை. கூட நடந்தால் நோயாளி அவருடைய வேகத்துக்கு இழுபட்டுவிடுவார். ஒவ்வொரு நிமிடமும் ஒரே குரலில், “நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம்”, “நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் நான்கு நிமிடம்” என்று மட்டும் சொன்னார். அதிகமாக உற்சாகப்படுத்தினாலே தூரம் கூடிவிடும் என்பதால் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட முன்பே எழுதி வைத்தது. அப்பாவுக்கு அது தெரியாது. யாராவது பேசினால் பதில் சொல்லாமல் போவது அவர் வழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் நின்று, திரும்பி, “சரிம்மா, நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.

310 மீட்டர். அந்தப் பெண்ணை விசாரிக்காமல் இருந்திருந்தால் 330 வந்திருக்கும் என்பது என் மதிப்பீடு. இதற்குச் சூத்திரம் யாராவது போடலாம்.

4.3.2024
பின்லாந்தில் இரண்டு கிலோமீட்டர் நடைச் சோதனை இருக்கிறதே என்று எழுதியவருக்கு: ஆமாம், தாம்பரே நகரத்தில் இருக்கும் யுகேகே நிறுவனத்தினுடையது. அந்த நாட்டு முன்னாள் அதிபர் உர்ஹோ கலேவா கெக்கோனனின் பெயரெழுத்துகள்தான் யுகேகே. இரண்டு கிலோமீட்டர் என்றால் ஓடுதளத்தில் சரியாக ஐந்து சுற்று, ஒன்பது மீட்டர் வால் கிடையாது. முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் சுண்ணாம்புக்கட்டி மிச்சமாகியிருக்கும். அங்கேயும் உள்கோடுதான்.

31.3.2024
அதே மைதானம், உள்கோடு, காலை ஆறே கால். காப்பி குடிக்கவில்லை. பிள்ளைகளிடம் முந்தின நாளே சொல்லிவைத்தேன்.

முதல் சுற்றில் வழக்கம்போல் வேகமாகப் போய்விட்டேன், 3 நிமிடம் 40. இரண்டாவது சுற்றில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கல்லாகிவிட்டது. வேகநடையில் மூச்சுக்கு முன்னால் முறையிடுவது அதுதான். கையை மடக்கி, முழங்கையைப் பின்னால் தள்ளி வீசினால் கால் தானாக வருகிறது என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். வந்தது. கடைசிச் சுற்றில் அவரே கோட்டோரம் நின்று, “தம்பி, குதிகால் முதலில், குதிகால் முதலில்” என்று கத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பெண் கேட்டிருந்தால் சோதனையே செல்லாது என்று சொல்லியிருப்பார்.

15 நிமிடம் 20 வினாடி. நாடி 136. எடை 72.5.

இதற்கு நடுவில் மார்ச்சில் எனக்குப் பிறந்தநாள் வந்து 53 ஆகிவிட்டது. சூத்திரம் மறக்கவில்லை, 0.39ஐ எடுத்துக்கொண்டது. எண் 35.0.

பிப்ரவரியின் 33.3இலிருந்து 1.7 ஏற்றம். பிரித்துப் பார்த்தேன்: நேரம் குறைந்ததில் 1.5, நாடியில் 0.3, இளைத்ததில் 0.25, பிறந்தநாளுக்குக் கழிவு 0.39. கேக்கில் ஒரு துண்டு தின்றதற்கு வயிற்றில் தண்டம், எண்ணிலும் தண்டம்.

1.4.2024
தூங்கி எழுந்ததும் வேறு மாதிரித் தோன்றுகிறது.

இந்தச் சூத்திரத்தின் பிழை வரம்பு 5 என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். 35 என்று வந்தால், ஆய்வகத்தில் அளந்தால் 30க்கும் 40க்கும் நடுவில் எங்காவது இருக்கும், அதுவும் மூன்றில் இரண்டு பேருக்குத்தான். மிச்ச ஆட்களுக்கு அதற்கும் வெளியே. ஆக நான் தசமத்துக்குச் சண்டை போட்டதெல்லாம் மளிகைக்கடைத் தராசில் தங்கம் நிறுத்த கதை. வீட்டுக்காரியிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு ஜனவரியிலேயே தெரிந்திருக்கும்.

ஆனாலும் ஐந்து என்ற வரம்பு ஆளுக்கு ஆள் ஒப்பிடும்போது பெரிய சுவர். ஒருவருடைய கால் நீளம், நடை வாகு, அவருடைய இதயத்தின் உச்சத் துடிப்பு எல்லாம் சராசரியிலிருந்து விலகியிருக்கும், சூத்திரம் அதை அறியாது. ஆனால் அதே ஆள், அதே கோடு, அதே வேளை என்றால் அந்த விலகலில் பெரும்பகுதி இரண்டு முறையும் ஒரே பக்கம் நிற்கும். அதனால் 35 என்பதைவிட 1.7 என்பதை நான் சற்று அதிகம் நம்புகிறேன். சற்றுத்தான். முந்தின இரவு தூங்காமலோ, எட்டு மணி வெயிலிலோ நடந்து நாடி ஒரு பத்து ஏறியிருந்தால் இந்த 1.7 ஏறக்குறைய முழுதாகக் கரைந்திருக்கும். கோவை ஏப்ரலில் இனி இந்தச் சோதனையைச் செய்யப்போவதில்லை.

சூத்திரம் இல்லாத ஒரு அளவும் இருக்கிறது. ஜனவரியில் மருதமலைப் படியில் மூன்று இடத்தில் நின்றேன். போன வாரம் ஒரே இடத்தில், அதுவும் முன்னால் போன பாட்டி நின்றதால்.

2.4.2024
முன்னால் போன பாட்டி என்று எழுதியதைப் படித்துவிட்டு, பாட்டியின் எண் என்ன என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்கவில்லை. அவர் தலையில் ஒரு கூடை இருந்தது.

14.4.2024
சேலத்து நண்பர் ஒரு வழியாக நடந்துவிட்டார். கேள்வி கேட்டு மூன்று மாதம் கழித்து. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார், கைரேகை என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாராம். 78 கிலோ, 15 நிமிடம் 30 வினாடி, நாடி 130. அவருக்கு 44.8 வந்திருக்கிறது. கைக்கடிகாரம் 41தான் சொன்னது, அது பொய்க்கடிகாரம், விற்றுவிடப் போகிறேன் என்கிறார்.

போட்டுப் பார்த்தேன். எனக்கு 37.5 வருகிறது.

எடையைக் கிலோவில் போட்டீர்களா, பவுண்டிலா என்று கேட்டிருக்கிறேன். காலையில் படித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.